படகுப் பேட்டரியும் ஊழும்

கடலுக்குச் செல்பவரின் உயிர் ஊழின் கையில் இருக்கிறது என்னும் நம்பிக்கைக்கும், படகில் பொருத்தும் ஒரு மின்கருவியைப் பற்றி முன்கூட்டியே எண்ணித் திட்டமிட வேண்டிய கடமைக்கும் முரண் உண்டா என்னும் வினா, காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் வெறும் ஏட்டு வினா அன்று. படகோட்டிகள் 19ஆம் நூற்றாண்டில் எழுப்பிய இராயபுரம் புனித இராயப்பர் ஆலயத்தில் வேண்டிக்கொள்வோரும், திருவொற்றியூர் வடிவுடையம்மனை வணங்குவோரும் அங்கே ஒரே விசைப்படகில் ஏறிப் பல நாள் ஆழ்கடலில் தங்குகின்றனர், ஜி.பி.எஸ்., வயர்லெஸ், விளக்கு ஆகிய எல்லாமே அவர்களுக்குப் பேட்டரியை நம்பித்தான்.

அந்தப் பேட்டரிக்கு மின்னேற்றும் சார்ஜரால் வரும் இடர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஈயத் தகடுகள் நீர்த்த கந்தக அமிலத்தில் மூழ்கியிருக்கும் ஈய அமில பேட்டரி, மின்னேற்றம் நிறைவடையும் தறுவாயில் நீரைப் பிரித்து ஹைட்ரஜனை வெளிவிடுகிறது. காற்றில் நூற்றுக்கு 4 பங்கு கலந்தாலே தீப்பற்றக்கூடிய அவ்வாயு நிறமும் மணமும் அற்றது, காற்றினும் இலேசானது, ஆகையால் மூடிய எஞ்சின் அறையின் கூரையடியில் தேங்கிவிட, ஓடும் சார்ஜரின் கிளிப்பைக் கழற்றும்போது எழும் சிறு பொறியே வெடிப்புக்குப் போதுமானதாகிறது. பேட்டரிப் பெட்டியின் மேற்பகுதியில் காற்று வெளியேற வழி வேண்டும் என்பதும், அமில ஆவி அரிக்காதபடி சார்ஜர் பேட்டரிக்கு நேர்மேலே அமையக் கூடாது என்பதும், மின்னோட்டம் மிகும்போது தானே உருகிச் சுற்றை அறுக்கும் ஃபியூஸ் பேட்டரி முனைக்கு இயன்றவரை அருகில் இருக்க வேண்டும் என்பதும் இதுபோன்ற காரணங்களால் விதிகளாயின. கரையிலிருந்து 230 வோல்ட் இணைப்பு எடுக்கும் படகில் எர்த் ஒயரும், மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் பிரேக்கரும் இல்லாவிடில், ஈரத் தளத்தில் நிற்பவரின் உடலே மின்சாரத்துக்கு வழியாகிவிடும்.

ஊழை நம்புவோர் இவற்றை மறுப்பதில்லை. அந்நம்பிக்கை மறுப்பதற்கன்றித் தள்ளிப்போடுவதற்கே பெரும்பாலும் பயன்படுகிறது. திருக்குறள் ஊழுக்கு ஓர் அதிகாரமும், விடாமுயற்சியாகிய ஆள்வினையுடைமைக்கு வேறோர் அதிகாரமும் வகுத்திருப்பதை எவ்வாறு பொருத்துவது என்பது பழைய சிக்கல். ஆயினும் படகைப் பொறுத்தவரை அச்சிக்கலுக்கு முன்னதாகவே தீர்க்க வேண்டிய ஒன்று உண்டு: சார்ஜரைப் பொருத்தச் சொல்பவர் பெரும்பாலும் கரையில் இருக்கும் உரிமையாளர், அதனருகே உறங்குபவரோ பங்குக்குத் தொழிலுக்குச் சென்றவர். தனக்கு நேர்ந்ததை ஊழ் என ஏற்பது ஒருவருடைய சமய உரிமை. தடுக்கும் வழி தெரிந்திருந்தும், பிறருக்கு நேரக்கூடியதை முன்கூட்டியே ஊழின் கணக்கில் எழுதிவைக்கும் உரிமை எவருக்கும் இல்லை. ஆயுத பூசையன்று எஞ்சினுக்குச் சந்தனப் பொட்டு வைக்கும் கை, பேட்டரி முனையில் பூத்த வெண்பொடியையும் துடைத்துவிட்டால் பூசைக்குக் குறை ஏதும் வந்துவிடாது.

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. அடிப்பலகைக்கும் எஞ்சினுக்கும் செலவிடும் அந்நாட்களில் ஒன்றைப் படகு உரிமையாளர்கள் பேட்டரி அறைக்கும் ஒதுக்க வேண்டும்.