கை தட்டினால் போதுமா?



2014 செப்டம்பர் 24-ம் தேதி மங்கள்யான் செவ்வாய்க் கிரகத்தைச் சுற்றத் தொடங்கியது. பட்டுப்புடவை கட்டி, தலையில் பூ வைத்த சகோதரிகள் பூரித்துச் சிரிக்கிற ஒரு படம் அன்றைக்கு உலகமெங்கும் போனது. எல்லோரும் கை தட்டினார்கள். அந்தப் படத்தில் இருந்தவர்கள் அலுவலகப் பணியாளர்கள் என்று பிறகு இஸ்ரோவே சொன்னது. அந்தத் திட்டத்துக்காக உழைத்த ரிது கரிதால், நந்தினி ஹரிநாத் என்ற பெண் விஞ்ஞானிகளை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சந்திரயான்-2-ன் திட்ட இயக்குநர் சென்னையைச் சேர்ந்த முத்தையா வனிதா. 2019 செப்டம்பர் 7 அதிகாலையில் அதன் லேண்டரோடு தொடர்பு அறுந்துபோனது. "எல்லாம் போச்சு" என்றார்கள். போகவில்லை பிரியமானவர்களே! மேலே சுற்றிய ஆர்பிட்டர் சுற்றிக்கொண்டே இருந்தது. 2023-ல் சந்திரயான்-3 நிலவுக்கு வந்தபோது அந்த ஆர்பிட்டர்தான் அதனோடு தொடர்பு கொண்டது. ஆகஸ்ட் 23 மாலை 6.04-க்கு லேண்டர் பத்திரமாக இறங்கியது. அதன் இணைத் திட்ட இயக்குநரும் ஒரு பெண்தான், கல்பனா காளஹஸ்தி.

செங்கோட்டையில் பிறந்த நிகார் ஷாஜி திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் படித்து, 1987-ல் இஸ்ரோவில் சேர்ந்தார். அவர் இயக்கிய ஆதித்யா எல்-1, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் போய், 2024 ஜனவரி 6-ல் தன் இடத்தில் நின்று சூரியனை நோக்கிற்று. செங்கோட்டை எங்கே, சூரியன் எங்கே!

இப்போது ஓசூருக்கு வருவோம். அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டினால் பெங்களூர். அவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு நாம் என்ன பேசுகிறோம்? "பொட்டப்புள்ளைக்கு எதுக்கு இவ்வளவு படிப்பு?" பன்னிரண்டாவதில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளையை மறு மாதமே கம்பெனி பஸ்ஸில் ஏற்றி விடுகிறோம். அவள் நைட் ஷிப்ட் பார்த்துக் கொண்டுவருகிற சம்பளம் அண்ணனுடைய காலேஜ் பீஸுக்குப் போகிறது. சில வீடுகளில் பதினெட்டு வயது ஆகுமுன்னே மாப்பிள்ளை பார்த்துவிட்டு, "பாஸ்டர், ஜெபம் பண்ணுங்க" என்று வருகிறார்கள். அதற்கு நான் ஜெபிக்க மாட்டேன். சட்டமும் விடாது, தேவனும் விரும்பமாட்டார்.

கம்பெனி வேலையை நான் குறை சொல்லவில்லை. உழைக்கிற கைகளைக் கர்த்தர் கனப்படுத்துகிறார். ஆனால் அந்தப் பிள்ளைக்கு என்ன விருப்பம் என்று ஒரு வார்த்தை கேட்டோமா?

எண்ணாகமம் 27-ம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். செலோப்பியாத்துக்கு ஆண்பிள்ளை இல்லை, ஐந்து குமாரத்திகள் மட்டுமே. மோசேக்கும் ஆசாரியனுக்கும் சபையார் எல்லாருக்கும் முன்பாக நின்று, தகப்பனுடைய பங்கு எங்களுக்கும் வேண்டும் என்று துணிந்து கேட்டார்கள். மோசே அவர்களை அதட்டி அனுப்பவில்லை. காரியத்தைக் கர்த்தரிடம் கொண்டுபோனான். அந்தப் பெண்கள் கேட்டது நியாயம் என்று கர்த்தர் தீர்ப்புச் சொன்னார். அல்லேலூயா!

அருமைப் பெற்றோரே, உங்கள் மகளும் தன் பங்கைக் கேட்கிறாள். அது நிலம் அல்ல, இன்னும் மூன்று நான்கு வருஷப் படிப்பு. டிவியில் வேறு வீட்டுப் பெண்ணுக்குக் கை தட்டுகிற நாம், நம்ம வீட்டுப் பெண்ணுக்குக் கதவைச் சாத்தலாமா?

இன்றைக்கு இரவு ஜெபம் முடிந்ததும் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "உனக்கு என்னம்மா படிக்கணும்?" என்று கேளுங்கள். பீஸுக்கு வழியில்லை என்றால் சபையில் வந்து சொல்லுங்கள். சேர்ந்து ஜெபிப்போம், சேர்ந்து வழி தேடுவோம். கர்த்தர் உங்கள் குமாரத்திகளை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.