கல்லறை இல்லாதவர்களுக்கும் ஒரு மெழுகுதிரி



இன்று நவம்பர் 2, கல்லறைத் திருநாள். திருப்பலி முடிந்ததும் கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம். பூ வைப்போம், மெழுகுதிரி ஏற்றுவோம். ஆனால் நம் திருவனந்தபுரம் கரையில், பூந்துறையிலும் விழிஞ்ஞத்திலும், அந்தத் திரியை எங்கே ஏற்றுவது என்று தெரியாத வீடுகள் உண்டு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் கொண்டுபோனவர்களில் பலருடைய உடல் கரைக்கு வரவே இல்லை. கிடைத்த உடல்களை அடையாளம் காண, மரபணுச் சோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டுக் காத்துக் கிடந்தார்கள் உறவினர்கள்.

நம் எல்லோருடைய பயமும் அங்கேதான் இருக்கிறது. வலியைக்கூடத் தாங்கிக்கொள்வோம். ஒரு சுவடும் இல்லாமல், பிறக்காதவர்போல் ஆகிவிடுவோமோ என்ற நினைப்பைத் தாங்க முடிவதில்லை. நடுச்சாமத்தில் விழிப்பு வந்தால் நெஞ்சை அடைக்கிறது. விசுவாசி பயப்படலாமா என்று அதை வெளியே சொல்லாமல் பூட்டியும் வைக்கிறோம்.

பூட்டி வைக்க வேண்டாம். கெத்சமனித் தோட்டத்தில் ஆண்டவரே மரணத்தின் முன் கலங்கினார். அந்தக் கலக்கத்தைச் சீடர்களிடம் சொன்னார், தந்தையிடம் முறையிட்டார். பயம் பாவமல்ல. தனியாகச் சுமக்கும் பயம்தான் ஆளைத் தின்றுவிடும்.

திருவெளிப்பாட்டில் யோவான் கண்ட காட்சி ஒன்று உண்டு. தீர்ப்பு நாளில், கடல் தன்னிடமுள்ள இறந்தோரைத் திரும்ப ஒப்படைக்கிறது. கடலிடம் இருப்பவர்களும் கடவுளின் கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் கிடக்கும் இடம் நமக்குத் தெரியாது. அவருக்கு ஒவ்வொருவரையும் பேரோடு தெரியும். அவர் மறக்காத எவரும் இல்லாமல் போவதில்லை.

ஒக்கி அடித்து ஒன்பது மாதம் நிறையுமுன், 2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம் வந்தது. உறவுகளைத் தண்ணீருக்குப் பறிகொடுத்த இதே கரையிலிருந்து மீனவர்கள் வள்ளங்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூர்ப் பக்கம் போனார்கள். முகம் தெரியாதவர்களை மூழ்கிய வீடுகளிலிருந்து மீட்டார்கள். தண்ணீரின் பயம் அவர்களைவிட யாருக்குத் தெரியும்? பயம் தீர்ந்த பிறகு போகலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

பிரியமானவர்களே, இன்று உங்கள் வீட்டாருக்கு ஏற்றும் திரியோடு, கல்லறை இல்லாதவர்களுக்காகவும் ஒன்றை ஏற்றுங்கள். இந்த வாரம், சாவை எதிர்நோக்கிப் படுத்திருக்கும் ஒருவரிடம் போங்கள். கையைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள். உங்களுக்கும் பயம் உண்டென்று சொல்லுங்கள், சேர்ந்து செபியுங்கள். ஆமென்.