மாத்திரைக் கட்டும் லாசருவின் கட்டும்



இந்த மாதம் என் தவறு ஒன்றை அறிக்கை செய்துவிட்டுத்தான் செய்திக்குள் போக வேண்டும். சில வருஷங்களுக்கு முன் உபவாச ஜெபத்தில் ஒரு சகோதரன் முன்னால் வந்தார். சாரத்திலிருந்து விழுந்து முதுகில் ஆபரேஷன் ஆனவர். டாக்டர் எழுதிக்கொடுத்த டிரமடால் மாத்திரையை, வலி குறைந்த பிறகும் அவரால் விட முடியவில்லை. இரண்டு நாலானது, நாலு பத்தானது. நான் தலையில் கைவைத்து ஜெபித்து, "விசுவாசம் இருந்தா அட்டையைத் தூக்கிப் போடுங்க தம்பி" என்றேன். போட்டார். சபையே கைதட்டி ஆர்ப்பரித்தது.

இரண்டாம் நாள் அவர் மனைவி அழுதுகொண்டே வந்தாங்க. வாந்தி, பேதி, மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர், உடம்பெல்லாம் புல்லரிப்பு, ராத்திரி முழுக்கத் தரையில் புரளல். பிசாசு போகும்போது அலைக்கழிக்கத்தான் செய்யும் என்று நான் சொன்னேன்! ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். பிறகு ஒருநாள் ஒளிந்து வாங்கி, பழைய கணக்கிலேயே பத்தையும் போட்டுக்கொண்டார். வலிப்பு வந்து, மூச்சு அடங்குகிற நிலையில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கர்த்தர் கிருபையாய் உயிரைத் தந்தார்.

அங்கே ஒரு டாக்டரம்மா எனக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாங்க. நம் மூளையில் வலியை அடக்கும் பூட்டுகளைத் தேவன் வைத்திருக்கிறார். அதற்கான சாவியைச் சரீரமே சுரக்கிறது. அபினிலிருந்து எடுக்கிற மார்பினும், அதைப்போல வேலை செய்கிற மாத்திரைகளும் அந்தப் பூட்டில் சேருகிற கள்ளச்சாவிகள். நாள்பட நாள்பட பழைய அளவு போதாது. திடீரென்று நிறுத்தினால் சரீரம் கலகம் பண்ணும். அது பிசாசு அல்ல பிரியமானவர்களே, பழகிப்போன சரீரம். இப்படிப் பழகுவது டாக்டர் சொன்னபடி சாப்பிடுகிறவருக்கும் வரும். கேடு என்று தெரிந்தும் தேடித் தேடிப் போவதுதான் அடிமைத்தனம். இன்னொன்று, இதுதான் என்னை நடுங்கவைத்தது: சில வாரம் நிறுத்தினவன் சரீரம் பழைய அளவைத் தாங்கும் பலத்தை இழந்துவிடும். அப்போது பழைய கணக்கில் போட்டால் மூச்சே நின்றுபோகும். நான் அவரைச் சாவின் விளிம்புக்கு அனுப்பியிருந்தேன்.

இவர்கள் எல்லாரும் போதை தேடிப் போனவர்களா? அமெரிக்காவைப் பாருங்கள். 1996-ல் பர்டூ பார்மா என்ற கம்பெனி ஆக்ஸிகாண்டின் மாத்திரையைக் கொண்டுவந்தது. அடிமையாகிறவர் நூற்றில் ஒருவர்கூட இல்லை என்று அதன் ஆட்கள் டாக்டர்களிடம் சொன்னார்கள். ஆதாரமாகக் காட்டப்பட்டது என்ன தெரியுமா? 1980-ல் ஒரு மருத்துவப் பத்திரிகையில் வந்த ஐந்தே வாக்கியக் கடிதம்! ஆஸ்பத்திரியில் படுத்திருந்து இம்மருந்து வாங்கிய 11,882 பேரில் 4 பேரே அடிமையானார்கள் என்றது அது. வீட்டில் மாதக்கணக்கில் விழுங்குகிறவர்களைப்பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. முன்பின் பாராமல் ஒரு வசனத்தைப் பிடுங்கினால் துர்உபதேசம் பிறக்குமல்லவா, அதே கதைதான். கென்டக்கி, மேற்கு வர்ஜீனியா சுரங்கப் பகுதிகளில் முதுகு ஒடிந்த தொழிலாளிகள் சீட்டோடு போய் வாங்கி, கட்டுண்டார்கள். 2007-ல் கம்பெனி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. ஆனால் புதைத்த பிள்ளைகள் திரும்பி வரவில்லை.

நம் தேசத்திலும் 2018-ல் டிரமடாலைப் போதைமருந்துச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அதற்காகப் புற்றுநோயில் துடிக்கிற தாய்க்கு டாக்டர் தருகிற மார்பினைப் பிடுங்கிவிடாதேயுங்கள். அது இரக்கம்.

"அப்ப ஜெபம் எதுக்கு பாஸ்டர்?" என்று கேட்பீர்கள். லாசருவைப் பாருங்கள். உயிர் ஒரே சத்தத்தில் வந்தது. கை கால் சீலைகளோ அப்படியே இருந்தன. அவற்றை அவிழ்க்கிற வேலையை ஆண்டவர் சுற்றி நின்றவர்களிடம் விட்டார். அந்தச் சீலையைக் கொஞ்சங்கொஞ்சமாக அவிழ்க்கிறவர்கள்தான் இந்த வைத்தியர்கள். மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள். சிலருக்கு பியூப்ரினார்ஃபின், மெத்தடோன் போன்ற மருந்தை வருஷக்கணக்கிலும் கொடுக்கிறார்கள். ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை என்று பேசாதேயுங்கள், நானும் அப்படிப் பேசினவன்தான். ஏசாயா தீர்க்கதரிசி எசேக்கியாவின் பிளவைக்கு அத்திப்பழ அடை போடச் சொன்னாரே, அவருக்கு விசுவாசம் குறைவா?

அந்தச் சகோதரன் இப்போது பியூப்ரினார்ஃபின் சாப்பிடுகிறார், வேலைக்குப் போகிறார். போன வருஷம் ஒருமுறை வழுக்கி விழுந்தார். மறுநாளே என்னிடம் வந்து சொன்னார், இரண்டுபேரும் சேர்ந்தே டாக்டரிடம் போனோம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவர் மனைவி என்னைத் தனியே கூப்பிட்டு அந்த வாரம் எப்படிப் போனது என்று சொல்வாங்க. அவர்கள் குடும்பத்துக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலும் தலையணைக்கடியில் ஒளித்த அட்டை இருந்தால், கூட்டத்தில் முன்னால் வரவேண்டாம். மெதுவாக வந்து என் காதில் சொல்லுங்கள், நான் உங்களோடு ஆஸ்பத்திரி வரிசையில் வந்து நிற்கிறேன்.