இளைப்பாறிய பின் எது கடமை?

மனித வாழ்வில் உழைக்கும் பருவம் முடிந்து இளைப்பாறும் பருவம் தொடங்கும்போது ஒரு கேள்வி எழுகின்றது. பிள்ளைகளைப் படிப்பித்துக் கரைசேர்த்தாயிற்று, வீடும் கட்டியாயிற்று, மாதாமாதம் பென்சனும் வருகின்றது. இனி எஞ்சியுள்ள காலம் யாருக்கு உரியது? பேரப்பிள்ளைகளுக்கா, தேடிய சொத்தைக் காப்பதற்கா, அல்லது அந்த முதியவருக்கேயா? ஈழத்துக் கிராமங்களில் இதனைப் பலர் வாய்விட்டுக் கேட்பதில்லை. படலையைத் திறந்து பூட்டுவதும், பேரனைப் பள்ளிக்கூடம் கூட்டிச் செல்வதும், மாலையில் கோயிலுக்குப் போய் வருவதுமே முதியவருக்கு உரிய முறை என்று இருந்து விடுகின்றனர். இதே கேள்விக்கு வேறொரு நாட்டில் வேறு விடை கண்டவர்களின் வாழ்வைச் சற்று நோக்குதல் பயனுடையது.

அவுஸ்திரேலியாவில் 1909 ஆம் ஆண்டு முதல் முதியோருக்கு அரச ஓய்வூதியம் வழங்கப்பட்டு வருகின்றது. 2023 யூலை முதல் அதற்குரிய வயது 67 ஆக உள்ளது. அங்கு வேலையிலிருந்து இளைப்பாறிய தம்பதியர் பலர், வீட்டு வசதிகள் பொருந்திய வாகனம் ஒன்றை வாங்கி மாதக்கணக்கில் நாட்டைச் சுற்றி வருகின்றனர். நரைத்த நாடோடிகள் என்று பொருள்படும் செல்லப் பெயரால் அந்நாட்டவர் இவர்களை அழைப்பர். வாகனத்தினுள்ளே ஒரு கட்டில், சிறு குசினி, எரிவாயுச் சிலிண்டர், தண்ணீர்த் தாங்கி. கூரையில் வெயிலில் மின்சாரம் தரும் தகடு. வீடு அவ்வளவுதான். பிள்ளைகளைப் பார்க்க மெல்பேணுக்கும் சிட்னிக்கும் போய்வந்த ஈழத்தவர்களும் இவ்வாகனங்களை நெடுஞ்சாலைகளில் கண்டிருப்பர்.

இவர்கள் விரும்பித் தங்கும் இடங்களுள் மர்ரே ஆற்றங்கரை முக்கியமானது. மலைநாட்டில் தோன்றி, நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா ஆகிய மாநிலங்களின் எல்லையாக ஓடி, தென் அவுஸ்திரேலியாவில் கடலுடன் கலக்கும் இந்த ஆறு ஏறத்தாழ 2,500 கிலோமீற்றர் நீளமானது. அதன் இடைவழியில் இரு கரையிலும் பரந்து கிடப்பது பார்மா-மில்லேவா வனம். ஆற்றோரச் சிவப்பு யூக்கலிப்டஸ் மரங்கள் நிறைந்த வனங்களுள் உலகிலேயே பெரியது இதுவாகும்.

அங்கு இளைப்பாறிய ஆசிரியர் ஒருவரும் அவரது மனைவியும் தங்குவதாக எண்ணிப் பார்க்கலாம். பொழுது சாய முன்னரே அவர்கள் வாகனத்தை நிறுத்தி விடுவர். மைம்மல் பொழுதில் கங்காருக்கள் மேய்ச்சலுக்கு வெளிப்பட்டுத் தெருவில் பாயும் என்பதே காரணம். கரையில் இரண்டு கதிரைகளைப் போட்டு அமர்ந்தால், கூழைக்கடா நீரில் மிதப்பதும், வெண்ணிறக் கொக்காட்டுக் கிளிகள் பெரும் இரைச்சலுடன் மரங்களுக்குத் திரும்புவதும், குக்கபுரா என்ற மீன்கொத்தி இனப் பறவை மனிதர் சிரிப்பதைப் போலக் குரல் எழுப்புவதும் காணலாம். இவற்றில் எதற்கும் தீனி போடக்கூடாது, எதனையும் பிடிக்கக்கூடாது. இருந்து பார்க்கலாம், பின்பு எழுந்து போகலாம். வாழ்நாள் முழுவதும் "என்னுடையது" என்று சொல்லிப் பொருள் தேடிய ஒருவர், தமக்குச் சொந்தமில்லாத ஒன்றைப் பார்த்து மனம் நிறைவது சிறிய மாற்றமன்று.

அந்த மரங்களிலும் ஒரு பாடம் உண்டு. கிளிகள் கூடு கட்டுவது மரப் பொந்துகளில். பெரிய பொந்து ஒன்று உண்டாக நூறு ஆண்டுகளுக்கு மேலாகும். இளமரம் எவ்வளவு செழித்திருந்தாலும் பொந்து தராது. அடி பருத்து, கொம்பு முறிந்து, உள்ளே உக்கிப்போன கிழமரமே பறவைக்கு வீடாகின்றது. அதே வேளை, காற்றில்லாத நாளிலும் இம்மரங்கள் பாரிய கொப்புகளை முறித்து விழுத்திவிடக் கூடும். ஆதலால் அவற்றின் கீழ் வாகனத்தை நிறுத்த வேண்டாம் என்று பயணிகளுக்கு எச்சரிக்கை விடுக்கப்படுகின்றது. முதுமையும் இவ்வாறே. முதியவரிடம் மட்டும் கிடைக்கும் நிழலும் உண்டு. தம் மனக்குறைகளையெல்லாம் அருகில் இருப்பவர் தலையில் போடும் ஆபத்தும் உண்டு. ஓயாமல் மருமகளைக் குறைகூறிக் கொண்டு வீட்டோடு இருப்பதைவிடச் சிறிது காலம் வெளியே போய் வருவது இரு பகுதியாருக்கும் நன்மையாகலாம்.

ஆயினும், இது சுயநலம் அல்லவா என்று கேட்பார் உளர். அவ்வாகனங்கள் சிலவற்றின் பின்புறத்தில், "பிள்ளைகளின் முதுசத்தைச் செலவழிக்கின்றோம்" என்ற பொருளில் வேடிக்கையாக வாசகம் ஒட்டியிருப்பார்கள். ஈழத்துத் தாய் தந்தையருக்கு அதைக் கேட்டால் நெஞ்சு திடுக்கிடும். தான் உண்ணாது பிள்ளைக்கு வைப்பதைப் பெருமையாகக் கொண்ட சமூகம் இது. அந்தப் பெருமையை எள்ளி நகையாடுதல் தகாது. எனினும், கொடுப்பதற்கும் ஒரு அளவு உண்டு. எடுப்பதற்கும் ஒரு அளவு உண்டு.

இதற்கு மர்ரே ஆறே சாட்சி. நீண்ட வரட்சியில் நீர் வரத்துக் குறைந்தது; வயல்களுக்கும் தோட்டங்களுக்கும் மேற்பகுதியில் நீர் அளவுக்கு மீறி எடுக்கப்பட்டும் வந்தது. அதனால் 2002 ஆம் ஆண்டில் ஆற்றுவாய் மணலால் அடைபடும் நிலை ஏற்பட்டு, இயந்திரங்களால் மணலை அகற்ற நேர்ந்தது. மேலே இருப்பவர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் கீழே இருப்பவருக்கு மிஞ்சாது. பெற்றோரும் அப்படித்தான். இருப்பதையெல்லாம் தம் இன்பத்துக்கே செலவழிப்பது அறமன்று. அதற்காக, ஆற்றில் நீரே இல்லாதபடி எல்லாவற்றையும் வாய்க்காலில் திருப்பி விடுவதும் முறையன்று. முதுசமாகப் பிள்ளைகள் பெறவேண்டியது காணி உறுதி மட்டுமன்று. மனம் கசக்காத தாய் தந்தையரும் ஒரு முதுசமே.

இந்து சமய மரபு இதனை முன்பே எண்ணியுள்ளது. பிரமசரியம், கிருகஸ்தம், வானப்பிரஸ்தம், சந்நியாசம் என்ற நான்கு நிலைகளில் மூன்றாவது, இல்லறக் கடமையை முடித்தவர் காட்டுக்குச் செல்லும் நிலை. மனைவியும் உடன் செல்லலாம். மகாபாரதத்தில் திருதராட்டிரனும் காந்தாரியும் குந்தியும் வனம் சென்றபின் பாண்டவர்கள் அவர்களைத் தேடிச் சென்று கண்டதை ஆச்சிரமவாசிக பருவம் கூறுகின்றது. வீட்டை விட்டுச் சென்றதனால் பாசம் அறுந்துவிடவில்லை என்பது இதனால் விளங்கும். சொகுசு வாகனப் பயணத்தைத் தவமென்று கூறுவது மிகையாகும். ஆனால் பிடியைத் தளர்த்தப் பழகுதல் இரண்டுக்கும் பொதுவானது.

இப்பயணங்களில் யாவற்றிலும் உயர்ந்தது பழைய நண்பர்களைக் காண்பதாகும். முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரே கந்தோரில் வேலை செய்தவர் இன்று மில்டூராவில் முந்திரிகைத் தோட்டத்துடன் இருப்பார். பள்ளித் தோழி ஒருத்தி ரென்மார்க்கில் கணவனை இழந்து தனியே இருப்பாள். அவர்களின் வளவில் வாகனத்தை நிறுத்தி இரண்டு நாள் தங்குவர். கட்டிலும் அடுப்பும் தம்மிடமே இருப்பதால் வீட்டாருக்குச் சுமையில்லை. பழைய கதைகள் பேசப்படும். பணத்தாலோ பதவி உயர்வாலோ முறிந்துபோன உறவு, இருவருக்கும் மூட்டுநோ வந்த வயதில் ஒரு கோப்பை தேநீரோடு சீராகிவிடுவதும் உண்டு.

ஈழத்துக் கிராமங்களில் நடப்பது என்ன? நண்பன் நோயுற்றுக் கிடக்கிறான் என்று கேள்விப்பட்டு, "ஒரு நாளைக்குப் போய்ப் பார்க்க வேணும்" என்று சொல்லிக் கொண்டே ஆண்டுகள் கழிகின்றன. மதிலில் கண்ணீர் அஞ்சலி ஒட்டப்பட்ட பின்னரே வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டு செத்தவீட்டுக்கு ஓடுகின்றனர். பந்தல் நிறைந்த சனம். ஆனால் யாரைப் பார்க்கப் போனார்களோ, அவர் கண்திறந்து பார்க்கும் நிலையில் இல்லை. செத்தவீட்டுக்குப் போவது ஊர்க்கடமை. அதனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் உயிரோடு இருக்கும்போது போயிருந்தால், அது அந்த மனிதருக்குச் செய்த கடமையாக இருந்திருக்கும். வடக்கிருந்த கோப்பெருஞ்சோழன் தன் நண்பர் பிசிராந்தையாருக்காக இடம் ஒதுக்கி வைக்கச் சொன்னதையும், அவர் தவறாது வந்து சேர்ந்ததையும் புறநானூற்றால் அறியலாம். வருவான் என்று ஒருவர் நம்பி இருப்பதும், அந்த நம்பிக்கை பொய்க்காமல் போய்ச் சேருவதும் நட்பின் இரண்டு பாதிகள்.

இங்கு ஒரு வேறுபாட்டையும் மறத்தலாகாது. அமெரிக்காவில் 2008 ஆம் ஆண்டுப் பொருளாதார வீழ்ச்சியின் பின், வீட்டை இழந்து வாகனங்களில் வாழ்ந்து, பருவ வேலைகளுக்காக ஊர் ஊராக அலைந்த முதியோர் பலர். அவர்களைப் பற்றி ஜெசிகா புரூடர் எழுதிய நோமாட்லான்ட் என்ற நூல் 2017 இல் வெளிவந்தது. அதனைத் தழுவிய திரைப்படம் 2021 இல் சிறந்த படத்துக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றது. வெளியே பார்த்தால் அதே வாகனம், அதே வீதி. ஆனால் திரும்பிப் போக வீடு உள்ளவரின் பயணம் வேறு, வீடற்றவரின் அலைச்சல் வேறு. யுத்த காலத்தில் உழவு இயந்திரப் பெட்டியில் மூட்டை முடிச்சுகளுடன் ஊர் ஊராக இடம்பெயர்ந்த முதியோருக்கு இதனை எவரும் விளக்கத் தேவையில்லை. விரும்பிப் புறப்படவும் விரும்பியபோது திரும்பவும் முடிவது ஒரு பாக்கியம் என்பதை உணர்ந்தவரே இன்பத்தை அளவோடு துய்ப்பர்.

விரும்பிச் சென்ற பயணமும் ஒருநாள் முடியும். ஒருவருக்குக் கண்பார்வை மங்கும், அல்லது துணைவர் நோயில் விழுவார். வாகனம் விற்கப்படும். அப்போது எஞ்சுவது ஓடிய தூரக் கணக்கன்று. ஆற்றங்கரையில் இருவரும் பேசாமல் இருந்த மாலைப் பொழுதுகளும், கடைசியாக ஒருமுறை கண்டுவந்த முகங்களுமே.

ஆகவே, இளைப்பாறியவரின் காலம் அவருக்கு உரியதா, பிறருக்கு உரியதா என்ற கேள்விக்கு விடை இதுதான்: அவர் அதனை எப்படிச் செலவிடுகிறார் என்பதே அதைத் தீர்மானிக்கின்றது. வீட்டோடு இருந்தும் தனக்காகவே வாழ்பவர் உளர். ஊர் சுற்றியும் பிறருக்கு ஆறுதலாக வாழ்பவர் உளர். இதற்கு விலையுயர்ந்த வாகனம் வேண்டியதில்லை. துவிச்சக்கரவண்டி போதும், மினிபஸ் போதும். பார்க்க வேண்டும் என்று நெடுநாள் எண்ணியிருக்கும் மூன்று பேரின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, அடுத்த திருவிழாவுக்கு முன் கணவனும் மனைவியுமாகப் போய் அவர்களைக் கண்டு வருவார்களானால், போனவரும் இருந்தவரும் ஒருங்கே நிறைவு பெறுவர்.