தனியாக

டெட் சைமன் 1973 அக்டோபரில் லண்டனிலிருந்து ட்ரையம்ப் மோட்டார் சைக்கிளில் கிளம்பி, ஆண்டீஸ் மலைப்பாதைகளையும் கடந்து, 1977இல் உலகைத் தனியாகச் சுற்றி முடித்தார். அந்தத் 'தனியாக' எனக்கு உறுத்துகிறது. அவர் கிளம்பிய நாட்களில், ட்ரையம்ப் செய்த மெரிடன் ஆலையின் தொழிலாளர்கள் ஆலைமூடலை எதிர்த்து அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கைவேலைதான் மலையில் அவரைத் தாங்கிற்று.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நான் மோட்டார் சைக்கிளுக்குச் சக்கர அச்சு கடைகிறவன். நேற்று இரவு ஷிப்டில், அளவு தவறிய ஒன்றை நல்லவற்றோடு பெட்டியில் போட்டுவிட்டேன். யாரும் பார்க்கவில்லை. ரயிலடிவரை போனவன் திரும்பிவந்து தேடினேன். லாரி கிளம்பியிருந்தது. சூப்பர்வைசரிடம் இன்னும் சொல்லவில்லை.

எங்கோ ஒரு மலைவளைவில் எவனோ அதை நம்பிப் போவான். தனியாகப் போவதாகத்தான் நினைத்துக்கொண்டிருப்பான். கூட நானும் போகிறேன்.