மகன் வேலையை வேன் ஓட்டுநர் செய்யலாமா?

பெற்றோருக்குச் சோறு போட்டால் போதாது, மரியாதையும் வேண்டும் என்பது கன்ஃபூசியஸ் கட்சி. சரி, மரியாதை நிறைய இருக்கிறது, வீட்டில் இருக்க நேரம்தான் இல்லை என்றால்? சான் பிரான்சிஸ்கோவின் சைனாடவுனுக்கு அந்தச் சிக்கல் வந்தது.

1882-இல் அமெரிக்கா சீனத் தொழிலாளர்களுக்குக் கதவடைத்தது. 1943 வரை நீடித்த அந்தத் தடையால் குடும்பத்தை வரவழைக்க முடியாமல் ஒற்றை அறைகளிலேயே கிழவரானவர்கள் பலர். 1965-இல் குடியேற்றச் சட்டம் தளர்ந்த பிறகு பிள்ளைகளோடு வந்து சேர்ந்தவர்களுக்கும் பகலில் துணை இல்லை. மகன் ஓட்டல் அடுப்படியில், மருமகள் தையல் தொழிற்சாலையில். அப்பா வழுக்கி விழுந்தால் ஆஸ்பத்திரி. அங்கிருந்து முதியோர் இல்லம். அங்கே கான்டனீஸ் பேச ஆளில்லை, வாய்க்குப் பழகிய கஞ்சியும் கிடையாது.

1971-இல் பல் மருத்துவர் வில்லியம் ஜீ, சமூகப் பணியாளர் மேரி லூயிஸ் ஆன்சாக் முதலானோர் 'ஆன் லோக்' அமைப்பைத் தொடங்கினார்கள். முதலில் நினைத்தது முதியோர் இல்லம்தான். கட்டுபடியாகவில்லை. பிரிட்டனின் பகல்நேர மருத்துவமனைகளை முன்மாதிரியாக வைத்து 1973-இல் ஒரு பகல் மையம் திறந்தார்கள். காலையில் வேன் வரும். சாப்பாடு, மருந்து, உடற்பயிற்சி, அரட்டை எல்லாம் முடிந்ததும் வீட்டில் கொண்டுவந்து விடும்.

சூட்சுமம் பணத்தில் இருந்தது. 1983 முதல் அரசிடமிருந்து ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று ஒரு தொகை; ஆஸ்பத்திரிச் செலவும் அதற்குள்ளேயே அடக்கம். முதியவர் படுத்துவிட்டால் நஷ்டம் ஆன் லோக்குக்கு. ஆகவே குளியலறையின் ஈரத் தரையும் விட்டுப்போன மாத்திரையும் அவர்கள் கவலை ஆயின. 1997-இல் மத்திய அரசின் சட்டம் இந்த முறையை முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் நிரந்தர அங்கமாக்கியது.

பிள்ளைக் கடனை வாடகைக்கு விடுவதுதானே இது?

பழைய ஒழுக்கவாதி அப்படித்தான் கேட்பார். நியாயம் இல்லாமல் இல்லை. நஷ்டத்துக்கு அஞ்சிக் காட்டும் அக்கறை பாசம் ஆகாது. ஆனால் அம்மாவைக் குளிப்பாட்டும் கை யாருடையது என்பதிலா மரியாதை இருக்கிறது? பெற்றோரைப் பிள்ளைகள் அடிக்கடி வந்து பார்க்க வேண்டும் என்ற சட்டம் 2013-இல் சீனாவில் நடைமுறைக்கு வந்தது. வூஷி நகர நீதிமன்றம் ஒரு மகளுக்கு அப்படியே உத்தரவும் போட்டது. அவள் வந்து உட்காரலாம்; அம்மாவின் முகம் வாடியிருப்பதைக் கவனிக்கச் சொல்லி எந்த நீதிபதி உத்தரவு போடுவார்?

முதியவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. பிள்ளைகளுக்குப் பாரமாகக் கூடாது என்று வலியை மறைப்பவர்கள் பலர். நேற்று சுலபமாக ஏறிய படியில் இன்று தடுமாறுவது வேன் ஓட்டுநர் கண்ணில்தான் முதலில் படும். ஆன் லோக் முறைத் திட்டங்களுக்கான அமெரிக்க விதிமுறை, பராமரிப்புக் குழுவில் மருத்துவர், செவிலியரோடு ஓட்டுநருக்கும் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறது.