சுமையும் ஒழுங்கும்

ஊர்விட்டு ஊர் செல்வோன் எதை எடுத்துச் செல்கிறான், எதை விட்டுச் செல்கிறான் என்பதைக் கொண்டே அவன் உள்ளப் பாங்கை ஓரளவு அளந்துவிடலாம். வீட்டில் இருக்கும்போது நம் உடைமைகள் பல அறைகளிலும் பரணிலும் பரந்து கிடக்கின்றன. அவற்றுள் இன்றியமையாதவை எவை என எண்ணிப் பார்க்கும் தேவை நமக்கு எழுவதில்லை. பயணம் வந்துவிட்டாலோ அந்த வினாவிலிருந்து தப்ப வழியில்லை. ஒரு பெட்டி, ஒரு கைப்பை, ஒரு தண்ணீர்க் கூசா என்னும் எல்லைக்குள் வாழ்வைச் சுருக்கியாக வேண்டும். பெட்டி அடுக்குதல் வீட்டு வேலைகளுள் ஒன்றாகத் தோன்றினும், அதனுள் ஓர் அறவினா மறைந்து கிடக்கிறது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

இவ்வினாவை எழுப்புவதற்குக் கல்யாண் நகரைவிடப் பொருத்தமான இடம் அரிது. 1853 ஏப்ரலில் போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு முதல் பயணி வண்டி ஓடிற்று. அடுத்த ஆண்டு, 1854 மே மாதத்தில், அத்தண்டவாளம் கல்யாணை எட்டியது. இங்கே அது இரு கிளையாகப் பிரிகிறது. ஒன்று கசாரா வழியே நாசிக் நோக்கி ஏறுகிறது. மற்றொன்று கர்ஜத் வழியே போர்காட் கணவாயைக் கடந்து புணேவுக்கும், அப்பால் தமிழகத்துக்கும் செல்கிறது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் குடியேறிய தமிழர்களுள் பலர், பிற்காலத்தில் இடவசதி தேடிக் கல்யாண், டோம்பிவிலி எனத் தொடர்ந்து வந்தனர். சென்னைக்கோ நாகர்கோவிலுக்கோ செல்லும் வண்டி இந்நிலையத்தில் நிற்பது சில நிமிடங்களே. அச்சில நிமிடங்களில் குழந்தைகளையும் முதியோரையும் பெட்டிகளையும் ஏற்றி முடிக்க வேண்டும். மூட்டையின் எண்ணிக்கை ஒன்று கூடினாலும் அதன் விலை என்ன என்பதைக் கல்யாண் தமிழர் நன்கு அறிவர்.

முற்காலத்தில் நம் இல்லங்களில் இருந்தது டிரங்குப் பெட்டி. அதனோடு படுக்கையைச் சுருட்டிக் கட்டும் ஹோல்டால். கோடை விடுமுறைக்கு ஊர் செல்லுமுன், வீட்டுப் பெண்மணி அப்பெட்டியின் முன் அமர்வார். அடியில் பட்டுப் புடவைகள், அதன்மேல் ஆடவர் வேட்டிகள், இடுக்குகளில் குழந்தைகளின் சட்டைகள் என ஒரு குடும்பம் முழுவதும் ஒரே பெட்டிக்குள் அடங்கிவிடும். எது எங்கே இருக்கிறது என்பது அவர் ஒருவருக்கே தெரியும். நள்ளிரவில் குழந்தைக்கு மாற்று உடை தேவைப்பட்டால் அவரே எழ வேண்டும். பெட்டியின் அடிவரை கைவிட்டுத் துழாவ வேண்டும். அடுக்கிய துணியெல்லாம் கலைந்து போகும். காலையில் அவரே மீண்டும் மடிப்பார். அந்த டிரங்குப் பெட்டியை இன்று நாம் அன்போடு நினைவுகூர்கிறோம். ஆனால் அந்த அன்பு அப்பெண்மணியின் உறக்கத்தை விலையாகக் கொண்டது என்பதை மறப்பது நேர்மையாகாது.

அண்மைக் காலத்தில் இந்நிலையை மாற்ற ஒரு சிறு கருவி வந்துள்ளது. கடைகளில் 'பேக்கிங் கியூப்' என வழங்கும் அறைப்பை அது. மெல்லிய செயற்கைத் துணியால் பெட்டி வடிவில் தைத்து, மூன்று பக்கம் ஜிப் வைத்து, உள்ளிருப்பது புலப்படும்படி மேற்புறம் வலைத்துணி இட்டிருப்பர். சிறியதும் பெரியதுமாக இவ்வறைப்பைகள் தொகுதியாய் விற்கப்படுகின்றன. ஒன்றில் மேலாடைகள், ஒன்றில் உள்ளாடைகள், ஒன்றில் குழந்தையின் உடைகள் எனப் பிரித்து இட்டு, அவற்றைப் பெரிய பெட்டிக்குள் செங்கல் அடுக்குவதுபோல் அடுக்கிவிடலாம். வேண்டியதை மட்டும் உருவி எடுத்தால் ஏனையவை கலைவதில்லை. சிலவற்றில் இரண்டாவதாக ஒரு ஜிப்பும் உண்டு; அதனை இழுத்து மூடினால் துணிகளுக்கு இடையேயுள்ள காற்று வெளியேறி, பை தட்டையாகிவிடும்.

இது அயலார் கண்ட புதுமை என எண்ணுதல் வேண்டா. பொருள்களை வகைப்படுத்தித் தனித்தனிப் பையில் இட்டுச் சுமக்கும் வழக்கம் நம் இலக்கியத்திலேயே உண்டு. பத்துப்பாட்டின் இறுதி நூலாகிய மலைபடுகடாம், கூத்தர் தம் இசைக்கருவிகளைப் பைகளில் இட்டுக் கட்டி, காவில் இருபுறமும் சமமாகத் தொங்கவிட்டு, மலைவழியே நடந்து செல்லும் காட்சியுடன் தொடங்குகிறது. முழவும் யாழும் குழலும் ஒன்றோடொன்று மோதிச் சிதையலாகாது. ஒரு தோளில் மட்டும் சுமை சாயலாகாது. இவ்விரு கவலைகளும் இன்றைய பயணிக்கும் உரியனவே.

நம் அடுக்களையிலும் அதே அறிவைக் காணலாம். கடுகு, உளுந்து, சீரகம், மிளகு, வெந்தயம் என ஒவ்வொன்றையும் தத்தம் அறையில் நிறுத்தி வைக்கும் அஞ்சறைப் பெட்டி, தாளிக்கும் நேரத்தில் கை தடுமாறாமல் காக்கிறது. பயணப் பெட்டிக்குள் ஓர் அஞ்சறைப் பெட்டி புகுந்துள்ளது என்று கூறினால், இப்புதுக் கருவியின் இயல்பை நம் பாட்டிமாரும் எளிதில் உணர்வர்.

இதனால் விளையும் நன்மையை முதலில் ஒப்புக்கொள்வோம். ஒழுங்கு என்பது பிறர்க்குச் செய்யும் மரியாதையும் ஆகும். இரவு விளக்கணைத்த பின் பெட்டியைத் திறந்து அரைமணி நேரம் குடையும் பயணி, தன் குழப்பத்தை எதிர்ப் படுக்கையில் உறங்கும் முதியவர் மீது ஏற்றுகிறான். தேவையானதை ஒரே கணத்தில் எடுப்பவன் அக்குற்றத்தினின்றும் நீங்குகிறான். மேலும், பத்து வயதுக் குழந்தையும் தன் அறைப்பையைத் தானே அடுக்கக் கற்கலாம். நள்ளிரவில் தாயை எழுப்பும் தேவை குறைகிறது. ஒருவர் மனத்தில் மட்டும் பூட்டிக் கிடந்த அறிவு எல்லோர்க்கும் பொதுவாகிறது. டிரங்குப் பெட்டிக் காலத்தில் ஒருத்தி தாங்கிய பொறுப்பு பலர் தோளுக்குப் பகிரப்படுவது அறத்தின்பாற் பட்டதே.

ஆயினும் ஐயங்கள் சில உள.

முதலாவது, சுருங்குவது இடமே அன்றி எடையன்று. இரண்டாம் ஜிப்பை இழுக்கும்போது காற்று வெளியேறுகிறது. துணியின் கனம் ஒரு குன்றிமணியும் குறைவதில்லை. எட்டுச் சட்டை கொள்ளும் பெட்டியில் பன்னிரண்டு சட்டை கொள்ளுமாயின், நாம் எட்டோடு நிற்பதில்லை, பன்னிரண்டையும் வைக்கிறோம். தொடர்வண்டியில் தூங்கும் வசதிப் பெட்டிப் பயணிக்குக் கட்டணமின்றி 40 கிலோவும், இரண்டாம் வகுப்புப் பயணிக்கு 35 கிலோவும் இசைவு உண்டு. அந்த எல்லைக்குள் அடங்கியதனாலேயே சுமை நியாயமாகிவிடுமா? கல்யாண் நிலையத்துப் படிக்கட்டில் அதனை ஏற்றுபவர் யார்? நம் பெட்டியின் உள்ளழகைக் காணாமல் அதன் கனத்தை மட்டும் தலையில் உணரும் சுமைதூக்கும் தொழிலாளியை ஒருகணம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒழுங்காக அடுக்கப்பட்ட மிகுதி, மிகுதியாகவே இருக்கிறது. கண்ணுக்கு உறுத்தாமற் போவது ஒன்றே வேறுபாடு.

இரண்டாவது, பிரித்து வைக்கும் பழக்கம் மனத்தையும் பிரிக்கலாம். 'நம் பெட்டி' என்ற சொல் மறைந்து 'என் பை, உன் பை' என்னும் சொற்கள் இல்லத்தில் ஒலிக்கக் கேட்கிறோம். தங்கையின் துண்டை அண்ணன் பையில் வைக்க இடமிருந்தும் அவன் மறுக்கும் காட்சி புதிதன்று.

மூன்றாவது ஐயம் எம் வாழ்விலேயே நிகழ்ந்தது. அதனைக் கூறுதல் எமக்குப் பெருமை தருவதன்று. எனினும் மறைத்தல் முறையன்று.

சில ஆண்டுகட்கு முன் ஒரு கோடையில், யாம் குடும்பத்துடன் நெல்லைச் சீமையிலுள்ள எம் சிற்றூருக்குச் சென்றிருந்தோம். அறைப்பைகளை முதன்முதலாகப் பயன்படுத்திய பயணம் அது. நால்வருக்கு இரண்டே பெட்டிகள். அவற்றுள் விரல் நுழைய இடமின்றி அடுக்கிய திறமையை எண்ணி யாமே வியந்துகொண்டோம். திரும்பும் நாளன்று, எண்பதைக் கடந்த அத்தை ஒருவர், பக்கத்துத் தெருவிலிருந்து மெல்ல நடந்து வந்தார். கையில் பனையோலைக் கொட்டான் நிறையக் கருப்பட்டி. மற்றொரு பையில் வெயிலில் காயவைத்த கூழ்வற்றல். யாம் பெட்டியைத் திறந்து காட்டினோம். அறைப்பைகள் நான்கு பக்கமும் சுவர் எழுப்பியதுபோல் நின்றன. "இடமே இல்லை அத்தை" என்றோம். அது பொய்யன்று. அவரும் பெட்டியை எட்டிப் பார்த்தார். "இடமில்லேன்னா என்ன செய்ய ஐயா? அடுத்த வருசம் பார்த்துக்கிடலாம்" என்று கூறிக் கொட்டானை எடுத்துக்கொண்டு திரும்பினார். அடுத்த ஆண்டு யாம் சென்றபோது அவர் இல்லை.

இரண்டு இரவுப் பயணத்தில் அக்கொட்டானை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கலாகாதா என்று பின்னர் எத்தனையோ முறை எண்ணியதுண்டு. ஒரு சட்டையை ஊரில் விட்டு வந்திருக்கலாம். பழைய டிரங்குப் பெட்டியாயின், அதனை மூட ஒருவர் மேலேறி அமர்ந்தாவது அக்கொட்டானுக்கு இடம் கண்டிருப்போம். அன்று எம்மைத் தடுத்தது இடமின்மையா, எம் அடுக்கின் அழகைக் கலைக்க மனமின்மையா? பின்னதே என்று உண்மையாக விடை கூற வேண்டியிருக்கிறது.

கருவியில் குற்றமில்லை, பயன்படுத்துவோரிடமே குற்றம் என்று இதற்கு விடை கூறுவோர் உண்டு. அது பாதி உண்மையே. கருவி நம் கையில் வெறுமனே இருப்பதில்லை. அது ஒரு பழக்கத்தையும் கற்றுத் தருகிறது. அறை என ஒன்று இருந்தால் அதை நிரப்பத் தோன்றும். நிரம்பினால் அதைக் கலைக்க மனம் வாராது. எனவே கருவியை ஏற்கும்போதே, அது கற்றுத்தரும் பழக்கத்துக்கு எதிரான ஒரு பழக்கத்தையும் நாம் வளர்த்துக்கொள்ள வேண்டும்.

அத்தகைய பழக்கத்துக்கு நம் பழைய எடுத்துக்காட்டுகளே வழிகாட்டுகின்றன. அஞ்சறைப் பெட்டி ஏன் பிரித்து வைக்கிறது? ஒரே சட்டியில் கூட்டுவதற்காக. கடுகு கடுகாகவே கிடப்பதற்கு அந்த அறை அமையவில்லை. பிரிவு அங்கே கலப்புக்குத் துணை செய்கிறது. மலைபடுகடாத்துக் கூத்தரோ தம் தொழிற்கருவிகளை மட்டும் சுமந்து சென்றவர்கள். அவர்கள் நோக்கிச் சென்ற வள்ளல் நன்னன். பரிசில் பெற்று மீள்வோன் எதிர்ப்பட்டோர்க்கு வழி கூறுவதே ஆற்றுப்படையின் அமைப்பு. செல்லும்போதே தோள் நிறையச் சென்றவன் பெறுவதை எதில் ஏந்துவான்?

கல்யாணின் பழைய வரலாறும் இதனையே நினைவூட்டுகிறது. கி.பி. முதல் நூற்றாண்டு அளவில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட கடற்பயண நூலாகிய பெரிப்ளசு, இத்துறைமுகத்தைக் 'கல்லியேனா' எனக் குறிக்கிறது. போரிவிலிக்கு அருகே உள்ள கான்கேரிக் குகைக் கல்வெட்டுகளில் கல்யாணைச் சேர்ந்தோர் அளித்த கொடைகள் பதிவாகியுள்ளன. பொதிகளால் வாழ்ந்த நகரத்தார், மூன்று ஆடை, ஒரு திருவோடு, மழிக்கும் கத்தி, ஊசி, இடைக்கச்சை, நீர் வடிகட்டி என எட்டே உடைமைகளுக்கு உரிய துறவியர்க்கு மலையைக் குடைந்து இருப்பிடம் ஈந்தனர். துறவியின் எளிமை இல்லறத்தார்க்கு முழுமையாகக் கைவராது. ஆனால் அந்நகரத்தார் தம் மிகுதியில் பிறர்க்கென ஒரு பகுதியை ஒதுக்கினர். அதுவே இல்லறத்தார்க்கு எட்டக்கூடிய ஒழுங்கு. துறவு பூண்ட மணிமேகலையின் கையிலிருந்த அமுதசுரபியும் பிறர் பசிக்கென வாய்த்த பாத்திரமே அன்றோ?

இன்று தாராவியின் குறுகிய சந்துகளில், தோலிலும் ரெக்சினிலும் துணியிலும் பைகள் தைக்கும் பட்டறைகள் பல உள்ளன. அங்குத் தோல் தொழிலை வேரூன்றச் செய்தோருள் நெல்லைப் பகுதித் தமிழர் பலர். வீட்டையே ஓர் அறைக்குள் அடுக்கி வாழ நேர்ந்த அம்மக்களின் இல்லங்களில் ஒன்றைக் காணலாம். பகலில் பாய் சுருட்டப்பட்டு மூலையில் நிற்கும். பாத்திரங்கள் சுவரில் வரிசையாய் இருக்கும். ஊரிலிருந்து ஒருவர் வந்து கதவைத் தட்டினால் இன்னொரு பாய் விரியும். இடம் என்பது சதுர அடியால் மட்டும் அமைவதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

எனவே அறைப்பைகளை நாம் வெறுக்க வேண்டியதில்லை. எம் இல்லத்தில் இன்றும் அவை உள்ளன. குழந்தைகள் தத்தம் பையைத் தாமே அடுக்குகின்றனர். ஒரே ஒரு மாற்றம் செய்துள்ளோம். ஊர் செல்லும்போது தொகுதியில் பெரிய பை ஒன்றை ஒன்றும் இடாமல் மடித்து வைக்கிறோம்; பெட்டியிலும் அதற்குரிய இடத்தை விட்டு வைக்கிறோம். முதன்முறை அவ்வாறு செய்தபோது, "இது யாருடைய பை?" என்று இளையவள் கேட்டாள். ஊரில் யார் எதைக் கொடுக்கிறார்களோ அவர்களுடையது என்றோம். திரும்புகையில் அது சில வேளை நிரம்பி வருகிறது. சில வேளை வெறுமையாகவே வருகிறது. கருப்பட்டிக் கொட்டான் மட்டும் இன்னும் அதில் ஏறவில்லை.